இறுக்கிக் கட்டச் சொன்ன மதினி

எனக்கு அடி இறங்கிப்போனதைப் பற்றி எழுதுகிறேன். டாக்டர்கள் அதைக் கர்ப்பப்பை இறக்கம் என்கிறார்கள். எங்கள் தோட்டத்துப் பெண்கள் தங்களுக்குள் "அடி இறங்கிருச்சு" என்பார்கள். அதையும் செத்துப்போன யாரோ ஒருத்தியைப் பற்றித்தான் சொல்வார்கள், உயிரோடு இருக்கிறவளைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். எனக்கு இப்போதும் அதை வாயால் சொல்ல வராது. எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துத்தான் என் வயசு போனது. அண்ணன் குடும்பமும் எங்கள் குடும்பமும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. வரிசையாக ஒட்டிக் கட்டின வீடுகள் அவை, நடுவில் ஒரு சுவர்தான். நான் இருமினால் அண்ணன் மனைவிக்குக் கேட்கும். அவள் கருவாடு வறுத்தால் என் பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடும். நான் அவளை மதினி என்று கூப்பிடுவேன். எனக்குக் கல்யாணம் ஆகும் முன்பே அம்மா போய்விட்டாள். என் பேறுகாலம் எல்லாவற்றையும் பார்த்தது மதினிதான். என் தீட்டுத்துணியை அலசியவள், எனக்குப் பூண்டு வேகவைத்து ஊட்டியவள் அவள். அவளிடம் எனக்கு வெட்கம் என்று ஒன்று இருந்ததில்லை.

கடைசிப் பிள்ளை ஆடி மழையில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தான். பெரிய பிள்ளை. தலை வந்து நின்றுகொண்டு நகரவில்லை. "முக்கு, முக்கு" என்று எல்லோரும் கத்தினார்கள். முக்கி முக்கி எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் மதினி என்னைக் குளிக்க வைத்து, அண்ணனின் பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றைச் சுற்றினாள். இடுப்பில் தன் முழங்காலை ஊன்றிக்கொண்டு இழுத்துக் கட்டினாள்.

"மதினி, மூச்சு முட்டுது."

"முட்டட்டும். கட்டாம விட்டா வயிறு பானையாட்டம் நின்னுக்கிடும். அப்புறம் உன் புருஷன் அடுத்த லயத்துக்குப் பாக்கப் போயிருவான்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்கும்போது ஈரம் கசிந்தது. பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்காரருக்குத் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. விடியும் முன்பே போய்விடுவார். தண்ணீர்க் குழாய் பள்ளத்தில் இருந்தது, விறகு மேட்டில் இருந்தது. பிள்ளைக்குத் தலை நிற்கும் முன்பே நான் விறகுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை, போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. லீவு முடிந்ததும் கொழுந்துக்குப் போனேன்.

ஒரு நாள் நனைந்த கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு எடை போடுகிற இடத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். சரிவில் காலை ஊன்றியபோது கீழே என்னவோ நழுவி வந்து நின்றது. தொடைக்கு நடுவில் முட்டை மாதிரி உருண்டையாக இருந்தது. வலி இல்லை. பயம்தான். குடல் விழுந்துவிட்டது, இன்றைக்குள் செத்துவிடுவேன் என்று நினைத்தேன். சாக்கை இறக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். கீழே இருந்து கங்காணி கத்தினார்.

"என்னம்மா, கொழுந்துச் சாக்கு மேல உக்காந்து அடைகாக்குறியா?"

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். மதினி மட்டும் மேலே ஏறி வந்து, செடிகளுக்கு நடுவே என்னை மறைவாக அழைத்துப் போனாள். நான் சொன்னேன். அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் பதற்றம் இல்லை. அதுவே எனக்குப் பாதி உயிரைத் தந்தது.

"ஒண்ணுமில்லத்தா. பேறுகாலக் கட்டு சரியா நிக்கல. மேல இறுக்கிப் பிடிச்சா கீழ உள்ளது தானா ஏறிக்கிடும்."

கொழுந்து எடுக்கப் போகும்போது ஈரச்செடி உரசாமல் இருக்க இடுப்பைச் சுற்றித் தடித்த விரிப்பு ஒன்றைக் கட்டுவோம். அதன் பெயர் படங்கு. ஒரு கயிற்றால் அதை இடுப்போடு சேர்த்து முடிவோம். மதினி அந்தக் கயிற்றை அவிழ்த்து, தொப்புளுக்குக் கீழே சுற்றி, மறுபடி முழங்காலை ஊன்றி இழுத்து முடிந்தாள்.

"இப்படித்தான் தினமும் கட்டணும். எங்கிட்டும் போய் வாயத் திறந்துராத. ஆம்பளைக்குத் தெரிஞ்சா நீ போட்ட சோத்துல கை வைக்க மாட்டான்."

அன்று முதல் இறுக்கிக் கட்டினேன். காலையில் எழுந்தால் உள்ளே போயிருக்கும். கட்டுதான் ஏற்றிவிட்டது என்று நாங்கள் நம்பினோம். படுத்தால் எல்லாம் உள்ளே போகும் என்று யோசிக்கவில்லை. சாயங்காலம் மறுபடி இறங்கிவிடும். மதினியிடம் சொன்னால், "கட்டு தளர்ந்துருச்சு, இன்னும் இறுக்கு" என்பாள். நான் இன்னும் இறுக்குவேன். சதை கன்றி, அந்த இடம் கறுத்து ஒரு வளையமாகவே நின்றுவிட்டது.

அதோடு வாழ்வது எப்படி என்று பழகிக்கொண்டேன். இருமல் வந்தால் காலை ஒடுக்கிக்கொள்வேன். கல்யாண வீடுகளில் பாய் நனைந்துவிடும் என்று உட்காரவே மாட்டேன், பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றுகொள்வேன். சிறுநீர் வந்த மாதிரி இருக்கும், போனால் வராது. அதை விரலால் மேலே தள்ளிப் பிடித்தால்தான் வரும். கொழுந்துக் காட்டில் அடிக்கடி செடிக்குள் ஒதுங்குவேன். பக்கத்து நிரையில் எடுக்கிறவள் ஒருத்திக்கு நல்ல வாய்.

"பொழுதன்னிக்கும் அந்தச் செடிக்குள்ளயே போறாளே, அங்கிட்டு யாரை ஒளிச்சு வச்சிருக்கா?"

"ஆனை வந்தாக்கூட இவளப் பாத்து அசைஞ்சு நடக்கக் கத்துக்கிட்டுப் போகும்டி" என்பாள் இன்னொருத்தி.

மதினியும் கூடச் சிரிப்பாள். மற்றவர்களுக்குச் சந்தேகம் வராமல் இருக்கத்தான் சிரிக்கிறாள் என்று நான் அதை நல்லதாகவே எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரரிடம் சொல்ல முடியவில்லை. அவர் பக்கத்தில் வந்தால் பிள்ளையைக் கிள்ளி அழவிடுவேன். தலைவலி என்பேன், விரதம் என்பேன். நல்ல மனுஷர். குடித்தாலும் கை ஓங்க மாட்டார். ஒரு நாள் அடுப்பருகே உட்கார்ந்திருந்தபோது கேட்டார்.

"எம்மேல மருந்து நாத்தம் அடிக்குதா?"

"அதெல்லாம் இல்லைங்க."

"அப்ப என்னத்துக்கு ஒதுங்குற?"

நான் அடுப்புக்குள் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். அவர் தன் பாயை எடுத்து வாசல்பக்கம் போட்டுக்கொண்டார். அது கடைசிவரை அங்கேயே கிடந்தது. வேலை விட்டு வந்ததும் சோப்புப் போட்டு இரண்டு தடவை குளிப்பார். மருந்து நாற்றம்தான் காரணம் என்று அவர் முடிவு செய்துவிட்டார். அப்படியே செத்தும் போனார்.

மதினியின் மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த வருஷம், மதினிக்கு மஞ்சள்காமாலை என்றார்கள். போடியில் அவள் தங்கை இருந்தாள். அங்கே பச்சிலை கொடுக்கிறார்கள், உப்பும் எண்ணெயும் இல்லாமல் பத்தியம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போடிமெட்டு வழியாகப் பஸ் ஏறிப் போனாள். அவள் திரும்பி வரும்வரை அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் நான்தான் பொங்கிப் போட்டேன். அவள் குணமாக வேண்டும் என்று எங்கள் லயத்து மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன்.

வந்தபோது இளைத்துப்போயிருந்தாள். சுவரைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தாள். "எந்தச் சுமையும் தூக்கக் கூடாதாம்த்தா, காமாலை திரும்பிருமாம்" என்றாள். நான் கேள்வியே கேட்கவில்லை. அவள் வீட்டுத் தண்ணீரை நான் தூக்கினேன். அவள் வீட்டு விறகை நான் சுமந்தேன். முதலில் என் விறகுக் கட்டை இறக்கிவிட்டு, மறுபடி மேடேறி அவள் கட்டைச் சுமந்து வருவேன். அவள் எடுத்த கொழுந்துச் சாக்கையும் எடை போடுகிற இடத்துக்கு என் தலையில்தான் கொண்டுபோனேன். பிறகு அவள் கெஞ்சிக் கேட்டு, நாற்றங்காலில் பைக்கு மண் நிரப்புகிற வேலைக்கு மாற்றிக்கொண்டாள். விறகும் தண்ணீரும் என்னிடமே நின்றுவிட்டன.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். மதினி இடுப்பில் கயிறு கட்டுவதை விட்டுவிட்டாள். படங்கைச் சேலைக்குள் லேசாகச் செருகிக்கொண்டிருந்தாள்.

"என்ன மதினி, கட்டலையா?"

"காமாலை உடம்பு. வயித்துல கயிறு பட்டா எரியுது."

"எனக்கும் எரியத்தான் செய்யுது. சாயங்காலம் முழுசா வெளிய வந்துருது மதினி. நானும் கட்டாம இருந்து பாக்கட்டுமா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. பைக்குள் மண்ணை அமுக்கிக்கொண்டே, "நீ விட்றாத. நல்லா இறுக்கிக் கட்டு" என்றாள்.

அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சரி மதினி என்று சொல்லிவிட்டு, அவள் வீட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கினேன்.

வேலை ஓய்வு வந்தால் லயத்து வீட்டை விட்டுவிட வேண்டும். கடைசி மகன் பாலக்காட்டுப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய், எலப்புள்ளியில் வீடு எடுத்துக் கல்யாணமும் முடித்திருந்தான். நான் அங்கே வந்துவிட்டேன். மதினியும் அண்ணனும் போடியில் மகளோடு இருக்கிறார்கள். எலப்புள்ளி வெயிலில் எனக்கு உரசல் புண்ணானது. உள்ளே கட்டியிருந்த வெள்ளைத்துணியில் ரத்தம் பட்டது. அதை நான் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் காயப்போட்டிருந்ததை மருமகள் பார்த்துவிட்டாள். அவள் இந்தப் பக்கத்துப் பெண். எனக்கு இருக்கிற கூச்சம் அவளுக்கு ஒரு துளியும் கிடையாது.

"ஏனுங்க அத்தை, இது என்னங்க? தீட்டு நின்னு எத்தனை வருசமாச்சுங்க உங்களுக்கு?"

"மூலம் போலம்மா."

"மூலமுன்னா துணி இங்கயா நனையும்? நான் ரெண்டு பெத்தவ அத்தை, என்னைய ஏமாத்தாதீங்க. பொடவைய மாத்துங்க, ஆசுபத்திரி போலாம்."

"வேணாம்மா. ஆம்பளை டாக்டரு இருப்பாங்க."

"பொம்பளை டாக்டரா பாத்துக் கூட்டிட்டுப் போறனுங்க. நீங்களா வர்றீங்களா, உங்க பையங்கிட்டச் சொல்லட்டுமா?"

மகனிடம் சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில்தான் போனேன்.

அந்த டாக்டரம்மா மலையாளத்துக்காரி, எனக்காகத் தமிழ் கலந்து பேசினாள். மேசையில் படுக்கச் சொன்னாள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். "அம்மே, முகத்தில நோய் ஒண்ணும் இல்லல்லோ" என்று சிரித்தாள். பார்த்துவிட்டு, கர்ப்பப்பையும் மூத்திரப்பையும் சேர்ந்து இறங்கியிருப்பதாகச் சொன்னாள். உரசி உரசிப் புண்ணாகியிருக்கிறது என்றாள். பிறகு என் இடுப்பைத் தொட்டாள்.

"இந்தக் கறுத்த அடையாளம் என்ன? கயறு கட்டினதோ?"

"ஆமாங்க. இறங்காம இருக்க."

"ஐயோ அம்மே! ஒரு சாக்கை நடுவில கயறு போட்டு முறுக்கினா, உள்ள இருக்கிறது எங்கோட்டுப் போகும்? கீழதானே போகும்? இறங்கினதை இவ்வளவு வருஷமா நீங்களே கீழ தள்ளிட்டு இருந்திருக்கீங்க. யார் சொன்னது இப்படிக் கட்டச் சொல்லி?"

எனக்குக் கோபம் வரவில்லை. மதினியும் என்னை மாதிரி தெரியாமல் செய்தவள்தானே என்றே நினைத்தேன். ஆரம்பத்திலேயே வந்திருந்தால், சிறுநீரை அடக்குகிற மாதிரி அந்தத் தசையைச் சுருக்கிச் சுருக்கி விடுகிற பயிற்சியும், சுமை தூக்காமல் இருப்பதும் எவ்வளவோ உதவியிருக்கும் என்றாள் டாக்டரம்மா. அது முற்றாமல் இருந்தால் உள்ளே ஒரு வளையம் வைத்தும் தாங்குவார்களாம். எனக்கு ஆபரேஷன்தான் என்றாள். முதலில் புண்ணுக்கு மருந்து கொடுத்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்களில் பலபேர் இதற்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்று மருமகள் சொன்னாள். அவர்கள் முகத்தைப் பார்த்தேன். சாதாரண முகங்கள்தான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மதினிக்குப் போன் போடச் சொன்னேன். சந்தோஷமாகத்தான் பேசினேன். மருமகளை அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டு, மெதுவாகச் சொன்னேன்.

"மதினி, அன்னைக்கு எனக்கு இறங்குச்சுல்ல, அதுக்கு வைத்தியம் இருக்காம். ஆபரேசன் பண்ணிருவாங்களாம். நாம கயித்த வச்சு இறுக்குனதுதான் தப்பாம் மதினி, நமக்குத் தெரியாமப் போச்சு பாருங்க."

மதினி சொன்னாள்:

"புண்ணு ஆறாம எடுக்க மாட்டாங்களேத்தா."

புண்ணைப் பற்றி நான் சொல்லவே இல்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும் மதினி?"

"யாரோ சொன்னாங்க."

"யாரு?"

போனை வைத்துவிட்டாள்.

அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை. மஞ்சள்காமாலை, பத்தியம், சுவரைப் பிடித்து உட்கார்ந்தது, கயிறு கட்டாத இடுப்பு எல்லாம் ஒவ்வொன்றாக வந்து என் முன்னால் நின்றது. மஞ்சள்காமாலை வந்தவளுக்குக் கண் மஞ்சளாக இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். இருந்ததாக நினைவே இல்லை.

புண் ஆறிக்கொண்டிருந்தபோது மதினி போடியிலிருந்து பஸ் ஏறி வந்தாள். ஒரு பை நிறையப் பூண்டும் கருப்பட்டியும் கொண்டுவந்தாள். மருமகள் காபி கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனாள். எனக்கு எப்போதும் முகத்தைப் பார்த்துப் பேச வராது. காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"போடிக்குக் காமாலைக்குத்தான் போனீங்களா?"

அவள் பொய் சொல்லவில்லை.

"தேனி ஆசுபத்திரில கர்ப்பப்பைய எடுத்தாங்க. எனக்கு உனக்கு முன்னாடியே இறங்கிருச்சு."

"நான் காட்டுனப்பவே?"

"அப்பவே இருந்துச்சு. எங்க ஆத்தா எனக்குச் சொன்னதைத்தான் உனக்குச் சொன்னேன். சத்தியமா, அன்னைக்கு எனக்கும் தெரியாது."

"தேனிக்குப் போயிட்டு வந்தப்புறம்?"

மதினி முந்தானையைச் சுருட்டினாள்.

"டாக்டரு வையத்தான் செஞ்சாரு. கட்டக் கூடாது, தூக்கக் கூடாதுன்னு. உங்கிட்டச் சொன்னா உனக்கு எப்படித் தெரியும்னு கேப்ப. மகளுக்குப் பேச்சு நடந்துக்கிட்டிருந்துச்சு. தாய்க்கு இறங்குனா மகளுக்கும் இறங்கும்னு சம்பந்தக்காரங்க பேச மாட்டாங்களா? உங்க அண்ணனுக்கே தெரியாது. உன் வாயி அடங்கி இருக்கும்த்தா. உன் முகம் அடங்காது."

"மகளுக்குத்தான் கல்யாணம் ஆயிருச்சே. பேரன்கூடப் பொறந்துட்டானே. அப்புறமாச்சும் சொல்லிருக்கலாம்ல?"

"அதுக்குள்ள ரொம்ப நாளாயிருச்சு. எந்த முகத்த வச்சுக்கிட்டுச் சொல்ல?"

"நான் உங்க விறகத் தூக்குனேன் மதினி."

அவள் அழ ஆரம்பித்தாள். "நான் தூக்கச் சொன்னனா? நீயாத்தான் தூக்குன" என்றாள்.

அது உண்மைதான். அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. மேட்டிலிருந்து நான் இறங்கி வரும்போது வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். விறகுக் கட்டை இறக்கப் பக்கத்தில் வந்து கை கொடுப்பாள். தூக்கினால் எனக்கு என்ன ஆகும் என்று டாக்டர் வாயால் கேட்டுவிட்டு வந்தவள், அந்தக் கையைக் கொடுத்தாள். என் வீட்டுக்காரர் வாசல்பக்கம் பாய் போட்டதும் அவளுக்குத் தெரியும். நடுவில் ஒரு சுவர்தானே. அவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். என்னிடம், "ஏத்தா, தேனியில ஒரு டாக்டர் இருக்காராம், போய்ப் பாரு" என்றால் போதும். யாரோ சொன்னாங்க என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அவள் சொன்ன எதை நான் நம்பவில்லை?

இதை எல்லாம் நான் அவளிடம் சொல்லவில்லை.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆபரேசனுக்கு நான் வந்து கூட இருக்கேன். உன் மருமக சின்னப் பிள்ளை, கூசுவா. உன் பேறுகாலமெல்லாம் நான்தான பாத்தேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் விசயத்த மட்டும் யார்ட்டயும் சொல்லிராதத்தா" என்றாள்.

"வேணாம் மதினி" என்றேன்.

"என்ன வேணாம்?"

"நீங்க வர வேணாம்."

யாரிடமும் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லாத எனக்கு, அந்த ஒரு வார்த்தை சொல்வதற்குள் உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அவள் கொஞ்சம் இருந்து பார்த்தாள். மருமகள் வந்ததும், வெயில் ஏறும் முன்பு போக வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். நான் வாசல் வரை போகவில்லை.

ஆபரேஷன் முடிந்து இப்போது வீட்டில் இருக்கிறேன். மருமகள் கூசவில்லை. துணி மாற்றும்போது சினிமாக் கதை பேசுகிறாள். நான் முகத்தை மூடிக்கொண்டால், "அத்தை, மூச்சு விடுங்க, முகத்துக்கா தையல் போட்டிருக்குது?" என்கிறாள். குடத்தைத் தொடக் கூடாது என்று கட்டளை. இருமும்போது பயமில்லை. உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி இருக்க முடிகிறது. இது எவ்வளவு சின்ன விஷயம் என்று நினைக்கும்போதுதான் எனக்கு மனசு ஆற மாட்டேன் என்கிறது. இதைத்தான் அவள் எனக்கு இத்தனை வருஷம் தராமல் வைத்திருந்தாள்.

மதினி வாரம் தவறாமல் போன் பண்ணுகிறாள். மருமகள் போனைக் கையால் பொத்திக்கொண்டு வந்து, "உங்க மதினிதானுங்க, பேசறீங்களா?" என்று கேட்கிறாள்.

"தூங்குறேன்னு சொல்லும்மா" என்கிறேன்.

"அத்தை தூங்கறாங்க" என்று அவள் சத்தமாகச் சொல்வது எனக்குக் கேட்கிறது. கட்டிலில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படுத்திருக்கிறேன்.